வரிசையில் கடைசிப் பெயர்

“அக்கா, அவர் பேர் எப்பத்தான் வரும்?”

“வரும்டி. வரிசைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

“எல்லாருக்கும் முன்னாடி வேணாம். எல்லாருக்கும் கடைசியிலயும் வேணாமே.”

“என் தங்கச்சி புருஷனுக்கு முதல்ல குடுத்தா ஊர் வாய் சும்மா இருக்குமா? சொந்தக்காரங்கதான் கொஞ்சம் பொறுத்துக்கணும்.”

“உன்கிட்ட கடன் கேக்குறதுக்கு, உன்கிட்ட பொண்ணு கேட்டதே சுலபமா இருந்துச்சாம். அவர்தான் சொல்றார்.”

சொல்லிவிட்டு என் தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் வேலைப் பங்கீடு இப்படித்தான். என் கைக்குத் தண்ணீர் ஆகாது என்று அவள் குழந்தையாக இருக்கும்போதே யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து ஈரவேலை எல்லாம் அவளுடையது.

விசாரணைக்கு வந்து முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. முதல் என்றால் எனக்கு இந்தப் பேச்சுதான்.

ஒரு நிமிடம். வெளியே என் தங்கை உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும். ஓரத்தில் உட்கார வேண்டாம் என்று யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கதவு திறந்தே இருக்கட்டும். நான் பேசுவது அவளுக்குக் கேட்டால் எனக்கு ஒன்றும் இல்லை.

நீங்கள் உட்கார்ந்திருப்பது என் நாற்காலி. தப்பாகச் சொல்லவில்லை. இத்தனை வருடம் இந்தக் கடன் சங்கத்தில் செயலாளராக இருந்தும், மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. இந்த நாற்காலி இவ்வளவு தாழ்வு என்று இப்போதுதான் தெரிகிறது. மனு கொடுக்க வருகிற விவசாயிகள் ஏன் எல்லோரும் கழுத்தை நீட்டி நீட்டிப் பேசினார்கள் என்றும் புரிகிறது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

நீங்கள் எழுதியிருப்பதை இங்கிருந்தே தலைகீழாகப் படிக்க முடிகிறது. எனக்கு அது பழக்கம். ‘கவனக்குறைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். நல்ல மனதோடு போட்டிருக்கிறீர்கள், எனக்குத் தெரியும். ஒரு வருடம் சம்பள உயர்வு நிற்கும், வேறு கிளைக்கு மாற்றுவீர்கள், அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அந்தச் சொல் என்னை உறுத்துகிறது. என்னை இங்கே எல்லோரும் தராசம்மா என்பார்கள். ஒரு பைசா கையூட்டு வாங்கியதில்லை, ஒரு மனுவைத் தொலைத்ததில்லை. கவனம் குறைந்து நான் எதையும் செய்ததில்லை.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்கிறேன். பயிர்க்கடனுக்கான பணம் மேலிடத்திலிருந்து மொத்தமாக வராது. தவணை தவணையாக வரும். இந்தத் தவணையில் யாருக்கு, அடுத்ததில் யாருக்கு என்று வரிசை போடுவது செயலாளர். எல்லோருக்கும் கடைசியில் கிடைத்துவிடும். ஆனால் மழை எங்கள் வரிசையைப் பார்த்துப் பெய்வதில்லை. முதல் தவணையில் வாங்கியவன் மழையோடு விதைப்பான். கடைசித் தவணையில் வாங்கியவன் மழை போன பிறகு விதைப்பான். இரண்டு பேர் வாங்குவதும் ஒரே தொகை, ஒரே வட்டி. விளைச்சல் மட்டும்தான் வேறு.

மாப்பிள்ளைக்கு முதல் முறை நான் முதல் தவணையிலேயே கொடுத்தேன். அப்போது அவர் மாப்பிள்ளை இல்லை. சிறு நிலம் வைத்திருந்த ஒரு விவசாயி, அவ்வளவுதான். மனுவில் அடித்தல் திருத்தல் இல்லை, நிலத்தைப் போய்ப் பார்த்தேன், வரப்பெல்லாம் கோடு போட்ட மாதிரி இருந்தது. இப்படிப்பட்டவனுக்குக் கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பது என்று கையெழுத்துப் போட்டேன். அன்று என் தங்கை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். அதே பெஞ்சில்தான், ஆடுகிற பக்கத்தில் உட்கார்ந்து விழப் பார்த்தாள். அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்த சத்தம் எனக்கு உள்ளே கேட்டது.

அந்த வருடம் நல்ல விளைச்சல். வாங்கிய கடனைக் கெடுவுக்கு முன்பே கட்டிவிட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார். நான் கொடுத்த கடன்தான் அவருக்கு அந்தச் சட்டையையும் தைரியத்தையும் வாங்கிக் கொடுத்தது. நான் மறுக்கவில்லை. மறுக்கக் காரணம் இல்லாத மனுவை நான் மறுத்ததே கிடையாது.

அம்மா போனபோது குட்டிக்குப் பேச்சுகூடத் திருத்தமாக வரவில்லை. தங்கையை வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். அப்பா அதற்கு முன்பே எங்கோ போய்விட்டார். நானே தலை வாரி, நானே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, காய்ச்சல் வந்தால் நானே விடுப்புப் போட்டு வளர்த்தேன். எனக்கு வந்த வரன்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு மாதிரி இருக்க எனக்குத் தெரியவில்லை. அவள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் நடந்துகொண்டே இருப்பேன். கூடத்திலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து கூடம். உட்கார்ந்தால் எதையோ மறந்த மாதிரி இருக்கும். எழுந்து போய்ப் பார்த்தால் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கும்.

ஆகவே மறு வருடம் வரிசை போடும்போது அவர் பெயரைக் கடைசியில் போட்டேன்.

அதற்கு நான் சொன்ன காரணம் நியாயமானது. சொந்தக்காரர்களுக்கு முதலில் கொடுத்தால் பேச்சு வரும். சங்கத் தலைவர் ஆண்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “நம்ம தராசம்மாவைப் பாருங்க, சொந்தத் தங்கச்சி வீட்டையே கடைசியில நிறுத்திட்டாங்க” என்றார். கை தட்டினார்கள். மாப்பிள்ளையும் தட்டினார். அவருக்கு அதில் உண்மையாகவே பெருமை. அவர் செய்த தப்பு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் கவுண்டரில் நின்று சத்தம் போட்டிருப்பார்கள், தலைவரிடம் போயிருப்பார்கள், பக்கத்து ஊர் வங்கியிலாவது கேட்டிருப்பார்கள். வீட்டு மனுஷியிடம் எப்படி அவசரப்படுத்துவது, வெளியே போய்க் கேட்டால் அண்ணிக்கு அவமானமில்லையா என்று அவர் பேசாமல் இருந்தார். என் கௌரவத்தை அவர் அவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றினார்.

பிந்தி விதைத்தது பாதிதான் தேறியது. அடுத்த வருடமும் அப்படியே. இடையில் தானிய வியாபாரியிடம் கைமாற்று வாங்கினார். வாங்கிய பாவத்துக்கு விளைந்ததை அந்த வியாபாரி சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியதாயிற்று. குட்டி களையெடுக்கப் போக ஆரம்பித்தாள். வரும்போதெல்லாம் அவள் கையைப் பார்ப்பேன். வெடித்திருக்கும். மருந்து தடவிவிடுவேன்.

நான் எதிர்பார்த்தது பெரிதாக ஒன்றும் இல்லை, ஐயா. ஒரு நாள் அவள் வந்து, “அக்கா, முடியலக்கா, இங்கேயே வந்துடறேன்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவரும் வரட்டும். விதைக் கிடங்கில் அவருக்கு ஒரு வேலைகூடப் பேசி வைத்திருந்தேன். மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். அவள் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டு வைத்தேன். ஆனால் அவள் வருவாள், துலக்குவாள், சிரிப்பாள், அவருக்காகக் கேட்பாள். தனக்கென்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். கேட்காமல் கொடுப்பது எங்கள் சங்கத்தில் வழக்கமில்லை.

அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்களா? பானைத் தண்ணீர் வேண்டாம், அவளுக்குத் தொண்டை கட்டும்.

இந்த வருடம் கோடை கடுமை. கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. அவரிடம் இருந்தது பழைய டீசல் எஞ்சின். மேலே வைத்தால் இழுக்காது என்று கிணற்றுக்குள்ளேயே ஒரு மேடையில் இறக்கி வைத்திருந்தார். மின்சார மோட்டாருக்கு மனு கொடுத்தார். கம்பம் வயல் ஓரம் வரை வந்திருந்ததால் சிக்கல் ஒன்றும் இல்லை. நான்தான் போய்ப் பார்வையிட்டேன். ‘எஞ்சின் கிணற்றுக்குள் உள்ளது, புகை வெளியேற வழியில்லை, உயிருக்கு ஆபத்தான நிலை, மோட்டார் உடனடித் தேவை’ என்று என் கையாலேயே எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டார். கடன் அனுமதியாகிவிட்டது.

மோட்டார் கடனைப் பணமாகக் கொடுப்பதில்லை. கடைக்காரருக்கு ஒரு சீட்டு அனுப்புவோம். சீட்டைப் பார்த்து அவர் மோட்டாரைக் கொடுப்பார், பணம் அவருக்குப் போகும். கடைக்காரர் நல்ல மனிதர். மாப்பிள்ளையின் பெயரைச் சாக்குக்கட்டியால் பெட்டியின் மேல் எழுதி, வாசலிலேயே வைத்திருந்தார். சீட்டு என் மேசை மேல் இருந்தது, பேப்பர் வெயிட்டுக்குக் கீழே.

காசாளர்கூட ஒரு தடவை கேட்டார். “என்ன மேடம், மாப்பிள்ளை சீட்டு இன்னும் இங்கயே குடும்பம் நடத்துது?”

“போகும்” என்றேன்.

“கல்லுக்குக் கீழ வெச்சா எப்படி மேடம் போகும்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தப் பயிர் காய்ந்தால் அவள் கேட்டுவிடுவாள் என்று தோன்றியது. இன்னும் கொஞ்ச நாள் என்று தோன்றியது.

இப்போது நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். அந்தக் காலையில் மாப்பிள்ளை இங்கே வந்திருந்தார். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. குட்டிக்கும் தெரியாது. வரிசையில் கடைசியில் நின்றார். அவர் முறை வந்ததும் பின்னால் வந்த ஒரு கிழவரை முன்னால் விட்டார். அப்புறம் இந்த நாற்காலியில் உட்காராமல் நின்றார்.

“என்ன மாப்பிள்ளை, இந்தப் பக்கம்?”

“சும்மா வந்தேன், அண்ணி. உரம் வந்திருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு.”

“குட்டி எப்படி இருக்கா?”

“அவளுக்கென்ன. உங்களைப் பத்தியே பேசிட்டிருப்பா.” துண்டைத் தோள் மாற்றிப் போட்டார். “தண்ணி இன்னும் கீழ போயிடுச்சு, அண்ணி. எஞ்சினை அடி மேடைக்கு இறக்கலாம்னு இருக்கேன். இன்னிக்கு மத்தியானம்.”

அவர் பார்வை பேப்பர் வெயிட்டின் மேல் போனது. என் முழங்கை அதன் பக்கத்தில் இருந்தது. அவர் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பார்த்தும் கேட்கவில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த நிமிடமே கொடுத்திருப்பேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இல்லை, ஐயா. கொடுத்திருக்க மாட்டேன்.

கிணற்றுக்குள் எஞ்சின் ஓடினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தச் சுவரில் தொங்குகிற படத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கோடையிலும் விவசாயிகளை உட்காரவைத்து நான்தான் அந்தப் படத்தைக் காட்டிப் பேசுவேன். புகையில் இருக்கும் விஷம் கண்ணுக்குத் தெரியாது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது, தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான் என்பேன். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களில் அவரும் ஒருவர். தெரிந்தும் இறங்குகிறவனுக்கு வேறு வழி இல்லை என்று அர்த்தம். அந்த வேறு வழி என் முழங்கைக்குக் கீழே இருந்தது.

“பாத்து இறக்குங்க, மாப்பிள்ளை” என்றேன்.

“சரி, அண்ணி” என்று போனார்.

அவர் போன பிறகு வேலை ஓடவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். மத்தியானம் வந்தது. கடை அந்தத் தெருமுனையில்தான் இருக்கிறது. காசாளர் சாப்பிடப் போகும்போது கையில் கொடுத்திருந்தால்கூடப் போதும். அவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, “கடைப் பக்கம்தான் போறேன், ஏதாவது இருக்கா மேடம்?” என்று கேட்கவும் செய்தார்.

“ஒண்ணும் இல்லை” என்றேன்.

சாயங்காலம் தகவல் வந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம்.

காரியமெல்லாம் முடிந்து குட்டி கடைக்குப் போயிருக்கிறாள், மோட்டார் இனி வேண்டாம் என்று சொல்ல. வாசலில் அந்தப் பெட்டி. மேலே அவர் பெயர். கடைக்காரர், “சீட்டு மட்டும்தாம்மா வரல, நானும் தினம் பாத்துட்டேதான் இருந்தேன்” என்றாராம். அங்கிருந்து அவள் நேராக உங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். என்னிடம் வரவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. நான் சீட்டைக் கிழிக்கவில்லை. தொலைக்கவில்லை. நாளைக்குக்கூட அது செல்லும்.

எழுதிக்கொள்ளுங்கள். கவனக்குறைவு இல்லை. தெரிந்தே வைத்திருந்தேன். ஆபத்து தெரியும், நாள் தெரியும், நேரமும் தெரியும். என் தங்கையின் புருஷனை நான்தான் கொன்றேன். அந்தச் சொல்லை அடித்துவிட்டு இதைப் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கும். பெஞ்சு ஆடுகிற சத்தம் நின்றுவிட்டது, பார்த்தீர்களா? எழுந்து கதவுகிட்ட வந்து நிற்கிறாள். எவ்வளவு மெலிந்துவிட்டாள்.

ஒரே ஒரு நிமிடம் கொடுங்கள். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் வாய் வரும்போலிருக்கிறது.

“குட்டி, நம்ம வீட்டுக்கு வந்துடுடி. இனிமே நம்ம ரெண்டு பேர்தானே.”