கைதட்டக் கூடாத கச்சேரி

கொஞ்சம் நிமிர்ந்து உக்காருங்க... பிரசங்கத்துக்கு நடுவுல ஒரு சின்னக் கதை சொல்றேன்.

சாத்தான்குளத்துல ரைஸ் மில் வச்சிருக்கார் ஞானாபரணம். சபையில பாஸ்டர் "ஆமென்" சொல்றதுக்கு முன்னாடி இவர் சொல்லிருவார்! அப்படி ஒரு ஆளு. அவர் மக பியூலா, சென்னையில ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுல புல்லாங்குழல் வாசிக்கிறா. நம்ம கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ரா இல்லீங்க... வயலினுக்கே ஒரு கூட்டம்! கோட்டு, சூட்டு, அம்புட்டும் மேல்நாட்டுச் சங்கீதம்.

அந்த வருஷத்து முதல் கச்சேரி. பியூலாவுக்கு முதல் தடவையா தனியா வாசிக்க ரெண்டு இடம். அப்பாவைக் கூப்பிட்டா. கூப்பிட்டுட்டு ஹால் வாசல்லயே வச்சுச் சொல்றா:

"அப்பா, ஒரே இசைதான், நாலு பாகமா வரும். நடுவுல நிறுத்துவாங்க. அப்ப கைதட்டக் கூடாது. எல்லாம் முடிஞ்சப்புறந்தான் தட்டணும். என் மானத்தை வாங்கிராதீங்க!"

"சரிட்டி."

ரெண்டாம் பாகத்துல பியூலா தனியா வாசிக்கிறா. கடைசியில சுரம் லேசா நடுங்கிருச்சு. பாகம் முடிஞ்சது. ஹால்ல... ஒரு சத்தம் இல்ல. தட்டக் கூடாதுன்னு அவளுக்கே தெரியும்... இருந்தாலும் வேர்க்குது. 'சொதப்பிட்டேனோ? யாருக்கும் பிடிக்கலையோ?' இன்னும் ஒரு இடம் வாசிக்கணுமே! அப்போ...

"ஸ்தோத்திரம்!"

நம்ம ஞானாபரணந்தான், சபையில போடுற அதே சத்தம்! ஹாலே திரும்பிப் பாக்குது! ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துறவர் குச்சியைத் தூக்கினபடியே திரும்புறார். பியூலாவுக்கு... சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சதுல பயம் போயிருச்சு. அடுத்த இடத்தை வாசிச்சா பாருங்க... அப்படி வாசிச்சா!

வெளிய வந்து கேக்கிறா, "அப்பா! நான் என்ன சொன்னேன்?"

"கைதட்டக் கூடாதுன்னு சொன்ன. தட்டுனனா? ரெண்டு கையையும் கட்டிக்கிட்டுல்லா இருந்தேன்!"

அவ அவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. "நீங்க சத்தம் போடலேன்னா நான் எந்திரிச்சு ஓடிருப்பேன்ப்பா."

பிரியமானவங்களே... கச்சேரிக்கு அந்தச் சட்டம் சரி, நான் குறை சொல்லல. வீட்டுக்கு எதுக்குய்யா அந்தச் சட்டம்? வீட்டம்மா நித்தமும் குழம்பு வச்சு ஊத்துறா... ஒரு வார்த்தை சொன்னோமா? வீட்டுக்காரர் புள்ளைகளுக்காக டபுள் டியூட்டி பாக்கிறார்... ஒரு வார்த்தை சொன்னோமா? எப்பச் சொல்றோம்? அடக்க ஆராதனையில! மைக்கைப் புடிச்சுக்கிட்டு, "தங்கமான மனுஷி"ங்கிறோம். ஊரே கேக்குது... பெட்டிக்குள்ள இருக்கிற அந்த அம்மா கேக்குதா?

ஆண்கள் வரிசை... கொஞ்சம் பெண்கள் பக்கம் திரும்புங்க. உங்க வீட்டம்மா எங்கன்னு பாருங்க. வெக்கப்படாதீங்கய்யா! "குழம்பு நல்லா இருந்துச்சு"ன்னு கையால காட்டுங்க.

நான் பிரசங்கத்தை நிறுத்திட்டேன்... நீங்க சொல்லி முடிங்க.