மாடிப்படி அறைக்கு ஆள் இல்லை என்று போட்டிருந்தேன்

என் பெயர் ஜெயசித்ரா, வயது 37. தகப்பனார் சங்கரலிங்கம், காலமாகிவிட்டார். சங்கரன்கோவில் கழுகுமலை ரோட்டில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கூட யார் இருக்கிறார்கள் என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டதற்கு, யாரும் இல்லை என்றேன். மறுபடியும் கேட்டதற்கும் அதையேதான் சொன்னேன்.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஒரு கட்டடத்தைக் கட்டுமுன்பே கம்ப்யூட்டரில் கட்டிப் பார்த்து, எந்தச் சுவரில் எப்போது வெயில் அடிக்கும், காற்று எந்த ஜன்னலில் நுழைந்து எதில் போகும், ஏசிக்கு எவ்வளவு கரண்ட் ஆகும், உள்ளே இருக்கிறவருக்குப் புழுங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. வாஸ்துவா என்று ஏட்டையா கேட்டார். வாஸ்து கிடையாது.

புகார் கொடுத்துள்ள முகம்மது ஆரிப் குவைத்தில் இருக்கிறார். புளியங்குடி ரோட்டில் அவர் கட்டிய வீட்டுக்குக் கணக்குப் போட்டது நான். எந்த அறையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று முதலிலேயே போட வேண்டும், ஏனென்றால் ஆள் உடம்பும் சூடுதான். கேட்டதற்கு, நாலு பேர் என்று போடுங்கள், நாங்கள் குடும்பத்தோடு வந்துவிடுவோம் என்றார். அப்படியே போட்டேன். ரோட்டுத் தூசியும் இரைச்சலும் வராதபடி இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைக்கச் சொன்னேன். மொட்டைமாடிக்கு ஏறுகிற இடத்தில் தகரம் போட்ட சின்ன அறை ஒன்று உண்டு. அந்த வேக்காட்டில் யார் இருக்கப்போகிறார்கள் என்று அதற்கு மட்டும் ஆள் இல்லை என்று போட்டேன். வீடு முடிந்தது, ஆரிப் குடும்பம் வரவில்லை. அவருடைய அக்கா மிஸ்ரியா மட்டும் குடிவந்தார். அவரை நானும் அக்கா முறைக்கு லாத்தா என்று கூப்பிடுவேன்.

அதன் பிறகு, கணக்கும் நிஜமும் ஒத்துவருகிறதா என்று பார்க்க, ஆரிப் சம்மதத்தோடு கீழே ஒவ்வொரு அறையிலும் ஒரு சின்னக் கருவி மாட்டினேன். அதில் படமோ பேச்சோ பதியாது. சூட்டையும் மூச்சுக்காற்றையும் அளக்கும். அடைத்த அறையில் ஒரு ஆள் படுத்தால் அவர் விடுகிற மூச்சு சேர்ந்து, கருவி வரைகிற கோடு ஏறும், இல்லையென்றால் தரையோடு கிடக்கும். அதை என் கம்ப்யூட்டரில் பார்க்கலாம்.

தினமும் எதற்குப் பார்த்தாய் என்று ஐயா கேட்டார். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும், உண்மைதான். காலையில் காப்பி போட்டதும் நான் முதலில் பார்ப்பது லாத்தா அறைக் கோட்டைத்தான். ஏறியிருந்தால், சரி, அங்கன ஒரு ஆளு தூங்கி எந்திரிச்சாச்சு என்று மனசுக்கு இதமாக இருக்கும். எனக்குக் காலையில் பேச ஆள் கிடையாது. அது குற்றம் என்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு நாள் காலை எல்லா அறைக் கோடும் தரையில் கிடந்தது. கடையநல்லூருக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே கிடந்தது. லாத்தா போனை எடுக்கவில்லை, ஆரிப்பும் எடுக்கவில்லை. அந்த வீட்டில் வேலை பார்க்கிற பேச்சிக்குப் போன் அடித்ததில், மகள் பேறுகாலத்துக்காகத் தான் இளையரசனேந்தலில் இருப்பதாகச் சொன்னாள். லாத்தா ஊருக்குப் போனாரா என்றேன். "போறதுக்கு அவங்களுக்கு எங்க இருக்கு?" என்றாள். ஆள் உள்ளே இருந்தும் கோடு ஏறவில்லை என்றால் மூச்சு இல்லை என்றுதான் அர்த்தம்.

அதன் பிறகு ஸ்கூட்டியில் போனேன். கேட்டில் உள்பக்கம் பூட்டுப் போட்டிருந்தது. பெல் அடித்தேன், லாத்தா லாத்தா என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். எதிரே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மூக்காண்டி அண்ணாச்சி, போலீசுக்குச் சொல்லிருவோமே என்றார். அதுவரை பொறுக்க எனக்கு மனசில்லை. பூட்டையும் பக்கவாசல் கதவையும் அறுக்கச் சொன்னது நான். அண்ணாச்சி மேல் தப்பு இல்லை.

உள்ளே ஏசி ஓடாமலே குளுகுளுவென்று இருந்தது, நான் கணக்குப் போட்டபடியே. கட்டில் விரிப்பு கசங்கவில்லை. போன் அதன் மேல் கிடந்தது. அதன் பிறகு மாடிக்கு ஏறினோம். அந்தத் தகர அறையில் லாத்தா பாய் விரித்து உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கரண்ட் அடுப்பும் தண்ணீர்க் குடமும் இருந்தன. முகமெல்லாம் வேர்த்து வடிந்தது. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இந்த வேக்காட்டில் இங்கன என்ன செய்யுதிய என்று சத்தம் போட்டேன்.

"கீழ சொகமாத்தான் இருக்கு புள்ள. ஒரு சத்தம் கேக்கல. பேச்சி போனதுல இருந்து என் தும்மல் மட்டுந்தான் கேக்கு. இங்கன இருந்தா பஸ்ஸுல ஏறுத எறங்குத ஆளாவது தெரியுது" என்றார்.

அவ்வளவு கத்தினோமே, கேட்கவில்லையா என்றேன். "கேட்டுச்சு. யாரையோ கூப்பிடுதாங்கன்னு இருந்துட்டேன். என்னயன்னு தோணல" என்றார்.

மேலே இருப்பதைத் தம்பியிடம் சொல்லிவிடாதே, அவன் வெயிலில் கிடந்து சம்பாதித்துக் கட்டிய வீடு, மனசு உடைந்துபோவான் என்று லாத்தா கேட்டுக்கொண்டார். சரி என்றேன். ஆனால் கேட்டை அறுப்பதை ஆரிப் குவைத்திலிருந்தே வாசல் கேமராவில் பார்த்துவிட்டு, வீட்டில் ஆள் இல்லாததைக் கருவி மூலம் தெரிந்துகொண்டு நான் திருட வந்ததாகப் புகார் கொடுத்திருக்கிறார். இதைச் சொல்லாமல் நான் திருடி இல்லை என்று காட்ட வழியில்லை. லாத்தா என்னை மன்னிக்கணும்.

தினமும் கோட்டைப் பார்ப்பதையும் அன்றே அவரிடம் சொன்னேன். ஏசுவார் என்று பயந்தேன். "தெனமும் பாப்பியா?" என்று மட்டும் கேட்டார். பார்ப்பேன் என்றேன். படுக்கையறைக் கருவியைக் கழற்றி மேலே மாட்டச் சொன்னார், மாட்டினேன். அது காற்றோட்டமான இடம், கோடு கொஞ்சம்தான் ஏறும். அது எனக்குப் போதும்.

கருவிகளைக் கைப்பற்ற வேண்டும் என்று ஐயா சொன்னார். கீழே உள்ளதையெல்லாம் எடுத்துக்கொள்ளலாம். தகர அறையில் உள்ளதை மட்டும் விட்டுவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இன்று இங்கே வருமுன் பார்த்தேன், ஏறியிருந்தது.

இது என்னை யாரும் மிரட்டாமல் நானாகச் சொன்னது. எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். "ஆள் இல்லாத வீட்டின் பூட்டை உடைத்து" என்று ஓரிடத்தில் இருந்தது. ஆள் இருந்த வீடு என்று திருத்தச் சொன்னேன். திருத்திய பிறகே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ச. ஜெயசித்ரா