காத்திருக்கும் மதகு

லிஃப்ட் பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும் என்பதை நம்பாதவர்கள் உலகில் பாதிப் பேர். என் மச்சான், அதாவது காலஞ்சென்ற என் மனைவியின் அண்ணன், அந்தப் பாதிக்குத் தலைவர். அவர் அழுத்துகிற வேகத்தைப் பார்த்தால் தையல் மெஷின் வெட்கப்பட்டு வேலையை விட்டுவிடும்.

இந்த முதியோர் இல்லத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த அறை. நடுவில் மெல்லிய சுவர். கட்டில் தலைமாட்டில் ஆளுக்கொரு அவசர மணி. அழுத்தினால் நர்ஸ் மேஜைத் திரையில் அறை எண் ஒளிர்ந்து மணி அடிக்கும். வேலையில் இருந்த காலமெல்லாம் இணையச் செயலி எழுதியவன் நான். இதையும் நானே சும்மா எழுதிக்கொடுத்தேன்.

தலைமை நர்ஸ் ஒருநாள் அழாத குறையாக வந்தார்.

"சார், உங்க மச்சான் தலையணை நகர்ந்தாக்கூட நூறு தடவ அமுக்குறாரு. காது கிழியுது. நீங்களே ஏதாவது பண்ணுங்க."

பண்ணினேன். இன்ஸ்பெக்டர் சார், உங்கள் கணினி நிபுணர் அதைக் கண்டுபிடித்துவிட்டாராம், கெட்டிக்காரர். இருந்தாலும் என் வாயால் கேட்டால் சுலபமாகப் புரியும்.

இந்த வகை நிரலில் தரவு வாய்க்கால் தண்ணீர்போல ஒரே திசையில் ஓடும். இந்த முனையில் விரல், அந்த முனையில் திரை. நடுவில் மதகுகள் வைக்கலாம். ஒரு மதகு முதல் அழுத்தலை உடனே விட்டுவிட்டு, பின்னால் வருகிற நச்சரிப்பைத் தடுக்கும். மணிக்கு அதுதான் பொருத்தம். இன்னொன்று காத்திருக்கும் மதகு. தேடல் பெட்டியில் வைப்பது. ஒவ்வொரு எழுத்துக்கும் தேட ஓடாமல், விரல் ஓய்ந்த பிறகுதான் திறக்கும். அதற்குள் இன்னொன்று விழுந்தால் மறுபடி முதலிலிருந்து காத்திருக்கும்.

எல்லா அறைகளுக்கும் முதல் மதகை வைத்தேன். மச்சான் அறைக்கு மட்டும் இரண்டாவது. காத்திருப்பையும் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

கல்யாணமான நாள் முதல் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை அவர். மீதியை அவரே சொல்லிவிடுவார், தப்பாக. மனைவி இறந்த அன்று அவளைப் பற்றி நாலு வார்த்தை பேச எழுந்தேன். அதையும் அவரே முடித்துவைத்தார். இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

"என்ன மாப்ள, அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சுபோச்சு, ஒரு ஈ காக்கா வரல. உன் பொட்டி படுத்துருச்சா?" என்றார் சாப்பாட்டு மேஜையில்.

"ஒரு தடவ அமுக்கிட்டுக் கைய எடுங்க மச்சான். தானா..."

"தானா வருமாக்கும்! எனக்கே பாடமா? பொட்டி தட்டுனவன் பேச்சப் பாரு."

பார்த்தீர்களா? உண்மையைத்தான் சொன்னேன். மேஜையில் எல்லோருமே கேட்டார்கள்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பின் இல்லமே கண்ணயர்ந்திருந்தது. நான் மடிக்கணினியில் மச்சான் அறை வாய்க்காலைத் திறந்து வைத்திருந்தேன். அழுத்தல்கள் மேல் வரியில் புள்ளியாக விழும். நர்ஸுக்குப் போனவை கீழ் வரியில். மேலே எறும்புச்சாரை ஊரத் தொடங்கியது. கீழ் வரி துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

இந்தத் தடவை தலையணைக்காக இல்லை என்று சுவர் வழியாகவே தெரிந்தது. "மாப்ள, நெஞ்சு..." என்றார். வாழ்நாளில் முதல்முறையாக அவருடைய வாக்கியம் பாதியில் நின்றது. அப்புறம் "மாப்ள" மட்டும் வந்தது. தேநீரை ஆறவிடாமல் குடித்தேன். சாரை கலைந்து புள்ளிகளுக்கிடையே இடைவெளி கூடியது. ஆனாலும் ஒவ்வொன்றும் மதகு திறப்பதற்குச் சற்று முன்னால் வந்து விழுந்தது, பிசகாமல். ரசித்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், தொழில்முறையில்தான்.

கடைசியில் விரல் ஓய்ந்தது. மதகு திறந்தது. கீழ் வரியில் ஒரே ஒரு புள்ளி. நர்ஸ் ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. இந்த இல்லத்தில் யாரும் யாருக்காகவும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

சாயங்காலம், உடலை எடுத்துப்போன பிறகு, தலைமை நர்ஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். "ஒரே ஒரு தடவதான் சார் அமுக்குனாரு. போன வாரம் நான் கோவிச்சுக்கிட்டேனே, அதான் பயந்துட்டாரு போல."

"ஆமாம்மா, திருந்திட்டாரு" என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

கதவைத் திறந்துகொண்டு அடுத்த அறைக்கு ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். நான் யாருக்கும் குறுக்கே விழுகிற ஆள் இல்லை. அவர் கூப்பிட்டு முடிக்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன்.