தோபியாஸை நான் தடுக்காதது குறித்து

என் பெயர் எனோக் சிவெர்ட்சன். வயது 58. தந்தை பெயர் தோபியாஸ், காலஞ்சென்றவர். உம்மன்னாக் ஊரில் துறைமுகத்துக்கு மேலே உள்ள மஞ்சள் வீட்டில் குடியிருக்கிறேன். பயணிகளை வெளியில் அழைத்துப் போவது தொழில். கோடையில் திமிங்கிலம் பார்க்கப் படகு, இலையுதிர்காலத்தில் மலைநடை, இருட்டு மாதங்களில் வானத்து ஒளி, கடல் உறைந்த பிறகு நாய்வண்டியும் பனியில் துளையிட்டு மீன் பிடிப்பதும். என்னை யாரும் அழைத்து வரவில்லை. நடந்தது முழுக்க என் அண்ணன் மகன் தோபியாஸின் தவறு என்று எங்கள் நிறுவனத்து மேலாளர் வானொலியில் சொன்னதைத் தோபியாஸின் தாயும் கேட்டுவிட்டார் என்பதால், நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

இறந்துபோன தோபியாஸுக்கு வயது 29. என் தந்தை இறந்த அதே குளிர்காலத்தில் பிறந்ததால் தந்தையின் பெயரை அவருக்கு வைத்தோம். எங்கள் ஊரில் இறந்தவரின் பெயர் ஒரு குழந்தைக்கு வந்தால் அந்த ஆளே திரும்பி வந்துவிட்டார் என்றுதான் பொருள். அதிகாரி டென்மார்க்கிலிருந்து புதிதாக வந்தவர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தொட்டில் பருவத்திலிருந்தே நான் அவரை அப்பா என்றுதான் அழைத்தேன், அவர் என்னை மகனே என்பார். சின்ன வயதில் ஒருமுறை என் புதுக் கையுறைகளைக் கடலில் வீசினார். அப்பாவுக்கு அந்தக் கையுறை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் சிரித்தோம். வீட்டில் ஒருவரும் அவரை அதட்டியது கிடையாது.

கடந்த ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை காலை நாங்கள் இரண்டு நாய்வண்டிகளில் புறப்பட்டோம். முன்வண்டியில் தோபியாஸும் பயணியான அன்னலீன் என்ற பெல்ஜிய ஆசிரியையும் இருந்தார்கள். பின்வண்டியில் கூடாரத்தையும் மீன்பிடி சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நான் வந்தேன். உரிமத்தின்படி தலைமை வழிகாட்டி நான். அது வண்டி ஓட்டும் காலமும் அல்லாத, படகு விடும் காலமும் அல்லாத இடைப்பட்ட வாரம். அப்படியும் நிறுவனம் மாதக் கடைசிவரை பயணிகளை எடுத்திருந்தது. நானும் தோபியாஸும் குடித்திருக்கவில்லை.

அதன் பிறகு நிலம் கடலுக்குள் நீண்டிருக்கும் முனையை அடைந்தோம். அங்கிருந்து மீன்பிடி இடத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிலத்தின் மேல் ஏறிச் சுற்றிப் போவது, அதற்கு அரைநாள் கூடுதலாகும். மற்றது முனையை ஒட்டிக் கடல்பனி மேல் நேராகப் போவது, அங்கே நீரோட்டம் பனியை அடியிலிருந்து தின்னும். நான் இறங்கி இரும்பு முனைக் கழியால் குத்திப் பார்த்தேன். இரண்டாவது குத்திலேயே தண்ணீர் வந்தது. என் தலைமை நாய் படுத்துக்கொண்டு எழ மறுத்தது. தோபியாஸ் தன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்ததால் தண்ணீர் வந்ததை அவர் பார்க்கவில்லை.

பின்னர் அவர், "என்ன மகனே, எப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் கழியின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "பயமா இருந்தா சொல்லுடா. உன்னை மடியில உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான், "நீங்களே பாத்துச் சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா சரி" என்றேன். எங்கள் மொழியில் அப்பா என்ற சொல் அன்னலீனுக்குத் தெரிந்திருந்தது. நரைத்த தலையோடு நான் ஒரு இளைஞரை அப்படி அழைத்ததைக் கேட்டு அவர் சிரித்தார். தோபியாஸும் சிரித்துவிட்டு நேர்வழியில் நாய்களை விரட்டினார்.

தண்ணீர் வந்ததை ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்கிறார். என் தந்தை பனியைக் கண்ணால் பார்த்தே கனம் சொல்வார். அவர் இருந்தவரை பனியைப் பற்றி நாங்கள் அவரிடம் வாய் திறந்ததில்லை. பெயரோடு அந்தக் கண்ணும் இவருக்கு வந்திருக்கும் என்று நம்பினேன். தண்ணீரைப் பார்த்த பிறகும் நம்பினேன். இப்போது சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு முன்வண்டியின் பின்பாதி பனியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. இருவரும் தண்ணீரில் விழுந்தார்கள். தோபியாஸ் அன்னலீனை அடியிலிருந்து தோள் கொடுத்துத் தூக்கினார். நான் குப்புறப் படுத்து நைலான் கயிற்றை வீசினேன். அன்னலீன் அதைக் கையில் சுற்றிக்கொண்டார், இழுத்துவிட்டேன். அதற்குள் வண்டியின் பாரம் நாய்களையும் உள்ளே இழுத்தது. தோபியாஸ் கத்தியால் நாய்வார்களை அறுத்தார். நாய்கள் பிழைத்தன, ஆனால் அவர் பிடித்திருந்த வண்டி மூழ்கியது. நான் மறுபடி கயிறு வீசியபோது அவருடைய விரல்கள் மூடவில்லை. "சித்தப்பா, பிடிக்க முடியல சித்தப்பா" என்றார். பிறந்தது முதல் என்னை அவர் அப்படி அழைத்ததே இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு தண்ணீருக்குள் கிடந்தது என் தந்தை அல்ல, என் அண்ணன் பெற்ற பிள்ளை. நான் இன்னும் நெருங்கித் தவழ்ந்தேன், என் நெஞ்சுக்குக் கீழேயும் பனி விரிசல் விட்டது. அவன் நீரோட்டத்தோடு பனிக்கு அடியில் போய்விட்டான். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அன்னலீன் மருத்துவமனையில் இருக்கிறார். அவருடைய சில விரல்களை எடுக்க வேண்டும் என்கிறார்கள். பனி மோசம் என்று தோபியாஸிடம் யாராவது சொன்னார்களா என்று அதிகாரி அவரிடம் கேட்டதற்கு, யாரும் சொல்லவில்லை என்று கூறியிருக்கிறார். அவர் கூறியது சரி. தெரிந்தவன் நான் ஒருவன்தான். வழக்கு யார் மேல் என்றாலும், இறந்தவன் மேல் எழுத வேண்டாம். அவன் என்னைக் கேட்டான், நான் சொல்லவில்லை. அவன் தாய்க்கு இது நிலையத்திலிருந்தே எழுத்தில் போக வேண்டும்.

அன்று முன்வண்டியில் வேறு ஒரு பையன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று அதிகாரி கடைசியாகக் கேட்டார். செவிட்டில் ஒன்று விட்டு, அவன் நாய்களை நானே பிடித்துத் திருப்பியிருப்பேன். அவன் என்னை வழிநெடுக ஏசிக்கொண்டே வீடு வந்து சேர்ந்திருப்பான்.

நான் சொன்னபடியே இது எழுதப்பட்டது. எனக்கு என் மொழியில் படித்துக் காட்டப்பட்டது, கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை, அனைத்தும் உண்மை.

(கையொப்பம்) எனோக் சிவெர்ட்சன்