பெட்டி அக்காவுக்கு, மாடு தம்பிக்கு

அக்கா: மெதுவா திறடா... எல்லாம் ஒண்ணா முட்டிக்கிட்டு வந்தா நான் எதைன்னு பார்ப்பேன்?

தம்பி: அதை மாட்டுக்கிட்ட சொல்லு. கேட்டைத் திறக்குறது மட்டும்தான் என் வேலை.

அக்கா: பனி வேற. கொம்பு மட்டும் தனியா மிதந்து வருது. முதல்ல வர்றது யாரு... லெமனா?

தம்பி: லேடர்.

அக்கா: ரெண்டும் ஒரே செவலைடா, எப்படித்தான் கண்டுபிடிக்கிறியோ.

தம்பி: லேடர் தலையை ஆட்டிக்கிட்டு வருவா. லெமன் பெருமூச்சு விட்டுக்கிட்டு வருவா.

அக்கா: பெருமூச்சா? அவளுக்கு என்னடா கவலை?

தம்பி: உன்னைக் கண்டாத்தான் விடுறா... சும்மா இரு, எண்ணிக்கை தப்பிடும். அடுத்தது பென்சில். அவ பின்னாடி கிச்சன்.

அக்கா: கிச்சன்! ஒரு பசுவுக்குப் போய்... மாட்டு டாக்டர் சட்டை தைக்கக் கொடுக்க வந்தவரு, கடையில நின்னு சிரிக்கிறாரு. “உங்க தம்பி காலங்காத்தால போன் பண்ணி கிச்சனுக்குக் காய்ச்சல்ங்கிறாரும்மா, நான் கொத்தனாரைக் கூப்பிடச் சொல்லிட்டு வச்சுட்டேன்”னு.

தம்பி: அவர் கிடக்காரு. அப்பா வச்ச பேரு.

அக்கா: அப்பா எங்க வச்சாரு? என் கையில இருக்கிற இந்தக் குட்டிப் பெட்டி வச்சது. வாங்கின அன்னைக்கே பன்னெண்டு இங்கிலீஷ் வார்த்தை காட்டுச்சாம். வரிசை மாறாம ஞாபகம் வச்சுக்கோ, இதுதான் சாவி, மறந்தா உள்ள இருக்கிற பிட்காயின் மொத்தமும் போச்சுன்னு.

தம்பி: எழுதி வச்சா எலி தின்னுடும்னு பயம் அவருக்கு. கொட்டில்ல பன்னெண்டு பசு பேரில்லாம நின்னுது. வேற யாருக்காவது இந்தப் புத்தி வருமா சொல்லு.

அக்கா: வராதுடா. நம்ம அப்பாவுக்குத்தான் வரும்... அது யாரு, நடுவுல நின்னுட்டா?

தம்பி: அம்ப்ரெல்லா. யோசிக்கிறா.

அக்கா: என்னத்தை?

தம்பி: வலப்பக்கம் போகவா, இடப்பக்கம் போகவான்னு. தினமும் யோசிப்பா. கடைசியில நேராத்தான் போவா... ம், போயிட்டா. அப்புறம் ஹனி, வெல்வெட், லெமன்...

அக்கா: பொறு, பொறு. ஒவ்வொரு பேருக்கும் பட்டன் அழுத்த வேண்டாமா?

தம்பி: பெட்டியைக் கொஞ்சம் காட்டு, நானும் பார்க்குறேன்.

அக்கா: கையை எடு! ஈரக்கை. சாணிக்கை வேற.

தம்பி: சரிம்மா, மகாராணி. ஓஷன், பனானா, ஹாமர், டொமேட்டோ. கடைசியா வின்டர். கேட்டைச் சாத்துறேன்.

அக்கா: ம்.

தம்பி: என்ன சொல்லுது?

அக்கா: தப்புங்குது.

தம்பி: நல்லாப் பாரு.

அக்கா: தப்புன்னுதான்டா காட்டுது. நேத்து மாதிரியே.

தம்பி: சரி விடு. நீ உக்காரு. ஏறி வந்ததுல மூச்சு வாங்குது உனக்கு. அந்தக் கல்லு காஞ்சிருக்கு பாரு.

அக்கா: இதுங்க எங்கடா காணோம்? இப்பத்தானே போச்சு, அதுக்குள்ள பனி முழுங்கிடுச்சு.

தம்பி: காதைக் கொடு.

அக்கா: ... ஆமா. கேக்குது. துணி கிழிக்கிற சத்தம் மாதிரி இருக்கு. என் கடையில நாள் பூரா கேக்குற சத்தம்.

தம்பி: புல்லுடா... சே, புல்லுக்கா. முழங்கால் உயரம் வந்தாத்தான் உள்ள விடுவேன். பாதி தின்னதும் கம்பியை நகர்த்தி அடுத்த துண்டுக்கு விட்டுடுவேன். ஒரேயடியா மொட்டையடிக்க விட்டா மறுபடி எழுந்திருக்காது.

அக்கா: நீ மாட்டை மேய்க்கலடா. புல்லைத்தான் வளர்க்குற.

தம்பி: அப்பாவும் அதையேதான் சொல்லுவாரு. ஒரு மூட்டை தீவனம் இந்த மேட்டுக்கு ஏறினது கிடையாது. பாலுக்கு அந்த மஞ்ச நிறம் சும்மாவா வருது?

அக்கா: ரொட்டிக்காரர் அந்த வெண்ணெயை முகர்ந்து பார்த்துக்கிட்டே நிப்பாரு. வியாபாரம் மறந்து போகும் அவருக்கு.

தம்பி: அவரு நேத்து போன்ல அனுப்பின துளி பிட்காயின் உன் கடைக்கு வந்துச்சா?

அக்கா: எது?

தம்பி: பாலுக்கு எனக்கு அனுப்பினாரு. அதை நான் கம்பி வாங்கக் கொல்லருக்கு அனுப்பினேன். அவரு மகளுக்குப் பாவாடை தைக்கணும்னாரு. அப்போ உன்கிட்ட வந்திருக்கணும்.

அக்கா: வந்துச்சு, வந்துச்சு. காலையில ரொட்டி வாங்குனேன், திரும்ப அவர்கிட்டயே போயிடுச்சு.

தம்பி: பாரேன். ஒரு நாள்ல கீழ தெருவையே சுத்தி வந்துடுது. பேங்க்கை மூடிட்டுப் போனப்ப எல்லாரும் என்னமா அழுதாங்க.

அக்கா: நான் சில நேரம் ஊசியைக் கோத்துக்கிட்டே நினைச்சுக்குவேன்... இந்தத் துளிக்கெல்லாம் கால் வலிக்காதா, எங்கயாவது படுத்துத் தூங்குமான்னு.

தம்பி: அப்பா தூங்க வச்சாரே. வருஷக் கணக்கா. அந்தப் பெட்டிக்குள்ள.

அக்கா: ம்... நல்ல தூக்கம்.

தம்பி: ஏன்கா, பெட்டியை உனக்கும் மாட்டை எனக்கும் ஏன் எழுதினாரு? ரெண்டையும் ஒருத்தருக்கே கொடுத்திருக்கலாமே.

அக்கா: தெரியாத மாதிரி கேக்குற பாரு. நீயும் நானும் பேசி எத்தனை காலம் ஆச்சு அப்போ?

தம்பி: நீதான் பேசல.

அக்கா: “போறவ போ”ன்னு சொன்னது யாரு?

தம்பி: “மாட்டை வித்துட்டு எல்லாரும் கீழ வந்துடுங்க”ன்னு சொன்னது யாரு?

அக்கா: நான்தான். அதுக்கு? தெருவுல பார்த்தா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவியா? அப்பா படுத்தப்ப ஆஸ்பத்திரியில, நீ வர்றன்னா நான் வெளிய போவேன், நான் வர்றேன்னா நீ வெளிய போவ. அந்த நர்ஸ் நம்மளைக் காவல் மாத்துற ஆளுங்கன்னு நினைச்சிருப்பா.

தம்பி: அவரு சிரிச்சாருக்கா. ஒரு நாள் என்கிட்ட சொன்னாரு, “எனக்கப்புறம் ரெண்டு பேரும் தினமும் பார்த்துக்குவீங்க, பாரு”ன்னு. மருந்து வேகத்துல உளறுறாருன்னு விட்டுட்டேன்.

அக்கா: உளறல. நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்காரு. மாடு போற வரிசை இல்லாம பெட்டி திறக்காது. பெட்டி இல்லாம வரிசைக்கு வேலையில்ல.

தம்பி: அதான் காலையில தினமும் ஏறி வர்ற.

அக்கா: அதான் வர்றேன். பின்ன, உன் மூஞ்சியைப் பார்க்கவா?

தம்பி: அக்கா... இன்னைக்கு என்ன நாள்னு தெரியும்ல?

அக்கா: தெரியும்.

தம்பி: மேட்டுக்காரம்மா மத்தியானம் வரைக்கும்தான் பொறுப்பாங்க. இல்லன்னா செங்கல் சூளைக்காரனுக்கு மேட்டை வித்துடுவாங்களாம். மண்ணை வெட்டி எடுத்துட்டு ஒரு குழியை விட்டுட்டுப் போவான் அவன்.

அக்கா: அந்தம்மா பாவம், அவங்களுக்கும் வயசாகுது. வாடகையை நம்பி எத்தனை நாள் இருப்பாங்க.

தம்பி: நான் தப்புச் சொல்லல. பெட்டி திறந்தா நாமே வாங்கியிருக்கலாம். திறக்கல. அவ்வளவுதான்.

அக்கா: சாயங்காலமா ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமாடா? காலையில வரிசை ஒவ்வொரு நாளும் மாறுது...

தம்பி: சாயங்காலமா? வேண்டாம்.

அக்கா: ஏன்?

தம்பி: இருட்டிடும். இறங்குற பாதை சரியில்ல. நீ கடையை விட்டுட்டு எப்படி வருவ? அதெல்லாம் சரிப்படாது. காலையிலதான் நல்லது.

அக்கா: மத்தியானத்தோட கெடு முடியுதுன்னு நீதானே சொன்ன? இன்னும் என்ன காலை?

தம்பி: ஆமால்ல.

அக்கா: ஒரு மாதிரியா பேசுறடா நீ.

தம்பி: தூக்கம் இல்ல. மாட்டு வியாபாரிக்குச் சொல்லியனுப்பிட்டேன்கா. மத்தியானத்துக்கு மேல வர்றேன்னான்.

அக்கா: எதுக்கு?

தம்பி: எதுக்குன்னா? பன்னெண்டையும் பார்த்து விலை பேச. மேடு போனா இதுங்க எங்க மேயும்? கட்டிப் போட்டு மூட்டைத் தீவனம் கொட்ட என்னால ஆகாது. நீ சொன்ன மாதிரியே, வித்துட்டு கீழ வந்துடுறேன்.

அக்கா: டேய்.

தம்பி: உன் கடையிலயே ஒரு மூலை கொடு. பட்டன் தைக்குறேன்.

அக்கா: விளையாடாதடா. போனை எடு.

தம்பி: எதுக்கு?

அக்கா: அந்த வியாபாரியை வர வேண்டாம்னு சொல்லு. இப்பவே சொல்லு!

தம்பி: ஏன்கா கத்துற? பனியில இருந்து தலையை நீட்டி லெமன் மிரண்டு பார்க்குறா பாரு.

அக்கா: பார்க்கட்டும்! மேடு எங்கயும் போகல. மேடு நம்மது.

தம்பி: நம்மதா? எப்போ இருந்து?

அக்கா: நேத்தே நம்மது. நான் அந்தம்மா வீட்டுக்குப் போனேன். அவங்க போனுக்கே அனுப்பிட்டேன். பத்திரம் ரெண்டு பேர் பேர்லயும்தான்.

தம்பி: எதுல இருந்து அனுப்பின?

அக்கா: எதுல இருந்துன்னா... இதுல இருந்துதான். இந்தப் பெட்டியில இருந்துதான்.

தம்பி: தப்புன்னு காட்டுதுன்ன?

அக்கா: இன்னைக்கு நான் அழுத்தவே இல்லடா. சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரொம்ப நாளா அப்படித்தான் நிக்குறேன்.

தம்பி: ம்.

அக்கா: மழைக்கு முன்னாடியே திறந்துடுச்சு. ஒரு நாள் சாயங்காலம் உன்கிட்ட சொல்லாம ஏறி வந்தேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன். நீ கேட்டுக்கிட்ட நின்னு கறக்கக் கூப்பிட்ட... ஒவ்வொரு பேரா. முதல்ல வெல்வெட், அப்புறம் கிச்சன்... பேரைச் சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியா இறங்கி வந்தாளுங்க. அதுதான் வரிசை. வீட்டுக்குப் போய் அதையே போட்டேன். திறந்துடுச்சு.

தம்பி: அப்புறம் ஏன் சொல்லல?

அக்கா: எப்படிடா சொல்லுவேன்? சொன்னா நீ பாதி, நான் பாதின்னு பிரிச்சுக்கணும். பிரிச்சா அப்புறம் நான் எந்தச் சாக்குல மேல ஏறி வர்றது? “உன்னைப் பார்க்க வந்தேன்”னு வந்து நிக்க எனக்கு வாய் வராதுடா. பழகலையே நமக்கு. மேட்டுக்காரம்மா மட்டும் அவசரப்படுத்தலன்னா இன்னும் சொல்லியிருக்க மாட்டேன். இன்னைக்கும் சொல்ல வரல. கடைசியா ஒரு காலை நின்னுட்டுப் போகலாம்னுதான் வந்தேன்... திட்டு. திட்டிடு. நீ ராத்திரியெல்லாம் தூங்காம கிடந்திருக்க, நான் பார்த்துக்கிட்டே...

தம்பி: வியாபாரி யாரும் வரலக்கா.

அக்கா: என்ன?

தம்பி: சும்மா சொன்னேன். இப்பவாவது வாயைத் திறப்பியான்னு.

அக்கா: அடப்பாவி! அப்போ பெட்டி திறந்தது உனக்கு...

தம்பி: தெரியும்.

அக்கா: எப்படிடா தெரியும்? யாரு சொன்னா? அந்தம்மாவா?

தம்பி: யாரும் சொல்லல. தொட்டிக்குப் பின்னாடி இருந்து உன் முந்தானை காத்துல ஆடிக்கிட்டு இருந்துச்சு.

அக்கா: பார்த்துட்டியா? பார்த்துட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி மாட்டைக் கூப்பிட்டுக்கிட்டு நின்னியா? அப்பா குரல் மாதிரியே இருந்துச்சுடா. அங்கயே உக்காந்து அழுதேன் நான். நீ தினமும் சாயங்காலம் அப்படித்தான் கூப்பிடுறியேன்னு...

தம்பி: தினமும் இல்லக்கா. அப்பா போனதுல இருந்து நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. கேட்டைத் திறந்து விட்டா அதுங்களா கும்பலா வந்துடும். அந்த ஒரு சாயங்காலம் மட்டும்தான், அவரு கூப்பிடுற வரிசையிலேயே சத்தமா கூப்பிட்டேன்... நீ அங்க உக்காந்திருக்கன்னு, உனக்குக் கேக்கட்டும்னு.