எட்டுச் செலவன்று நான் குடிக்காத கூழ்

ஒடியல் கூழுக்குக் காய்ந்த பனங்கிழங்கு மாவைக் கடைசியில்தான் கரைத்துவிட வேண்டும். நண்டும் இறாலும் வெந்து, பலாக்கொட்டை பதமாக அவிந்த பிறகு விட்டால்தான் கூழ் திரளும். முந்தினால் அடிப்பிடிக்கும். இது தெரிந்தும் பொறுமையில்லாதவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். அதனால் உடுப்பிட்டியில் எங்கள் ஒழுங்கைக்குள் யார் வீட்டில் கூழ் காய்ச்சினாலும் அகப்பை என் கைக்குத்தான் வரும்.

சட்டத்தரணி சாருஜா அவர்களே, நீங்கள் தாளும் பேனையும் தந்து, "ஐயா, எனக்கு மட்டும் ஒண்டும் மறைக்காமல் எழுதுங்கோ" என்றீர்கள். எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் உப தபாலதிபராக இருந்தவன் நான். ஒருவருடைய கடிதத்தையும் பிரித்துப் பார்த்ததில்லை. உறைக்குள் இருப்பது உறைக்குள்ளேயே போய்ச் சேரவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

திங்கட்கிழமை நீங்கள் கொண்டுவந்த செய்தி எனக்கு நன்றாக விளங்கியது. என் நண்பன் கதிரவேலுவைக் கொல்லும் எண்ணம் இருக்கவில்லை, வயிற்றைக் கலக்கி ஒரு பாடம் படிப்பிக்கத்தான் நினைத்தேன் என்று மன்றில் ஒப்புக்கொண்டால், அரச தரப்பு கொலைக் குற்றச்சாட்டைக் கைவிட்டுக் கைமோசக் கொலை என்று குறைத்துக்கொள்ளும். எட்டு வருடம், மிஞ்சினால் பத்து. மறுத்தால் சாட்சிகளை அழைத்து வழக்கு விளக்கத்துக்குப் போகும். தோற்றால் சாகும்வரை உள்ளேதான். வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டால் சாட்சிகள் தேவையில்லை, என் மகள் கூண்டில் ஏறவேண்டி வராது என்பதை நீங்கள் இரண்டு தரம் சொன்னீர்கள். இரண்டு தரமும் கேட்டது.

தக்சாயினி எனக்கு ஒரே பிள்ளை. வயது இருபத்தொன்பது, கணித ஆசிரியை. தாய் இறந்து பதினாறு வருடம். பதினேழாவது வயதில் ஒரு நாள் அவளுக்குக் கிணற்றடியில் விழுந்து கைகால் இழுத்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். வேலிக்கு அப்பால் இருந்து ஓடிவந்து தன் சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தவன் கதிரவேலு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும் அவன்தான். வலிப்பு என்று டொக்டர் சொன்னார். ஒழுங்காக மாத்திரை போட்டால் வராது என்றார். அப்படித்தான் இருந்தது. கடைசியாக வந்து நான்கு வருடம்.

அந்த வருடம் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போனோம், அவனும் நானும். எங்கள் தகப்பன்மாருக்குத் தர்ப்பணம் செய்து, கேணியில் முழுகி, ஈர வேட்டியோடு நகுலேஸ்வரர் வாசலில் நின்றபோது அவன் சத்தியம் செய்தான். "மச்சான், உன்ரை பிள்ளை என்ரை பிள்ளை. என்ரை வாயாலை ஒருத்தருக்கும் போகாது." நான் கேட்டு அவன் செய்ததல்ல, தானாகவே செய்தது. மனைவி குணலட்சுமிக்குக்கூட அவன் சொல்லவில்லை. அதை நான் மறுக்கவில்லை.

சென்ற வருடம் உடுவிலில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கனடாவில் பொறியியலாளர். சாதகம் பொருந்தியது. தாலிக்குப் பொன்னுருக்க நாளும் பார்த்தாயிற்று. வலிப்பைப் பற்றி நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. எந்தத் தகப்பனும் சொல்லியிருக்க மாட்டான். பிறகு ஒரு நாள் தரகர் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றே, "அவையளுக்குச் சரிவராதாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் விசாரித்தார்களாம். பக்கத்து வீடு கதிரவேலுவுடையது.

நான் கத்தவில்லை. அவனிடம் போய்க் கேட்கவும் இல்லை. ஆனால் அன்று எனக்கு அழுகை வந்தது. பிள்ளையின் தாய் செத்ததற்குப் பிறகு அன்றுதான் அழுதேன். நாற்பது வருடம் ஒன்றாகச் சைக்கிள் ஓடியவன், இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே பாயில் படுத்தவன், என் உறையைப் பிரித்து ஊருக்கு வாசித்துவிட்டான்.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சினேன். காலையில் அம்மியில் நான் அரைத்துக்கொண்டிருந்ததைத் தக்சாயினி பார்த்தாள். "என்னப்பா அது?" என்றாள். முழங்காலுக்குப் பூச மருந்து என்றேன். அது அலரி விதை, நஞ்சு. பானையில் அதைப் போடவில்லை. அயலவர் எட்டுப் பேர் குடிக்கவிருந்தார்கள். நான் அவ்வளவு பொறுப்பில்லாதவன் இல்லை. ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பனையோலையில் மடித்த பிளாவில்தான் வார்ப்போம். கதிரவேலு உறைப்பு அதிகம் கேட்பவன், அதனால் அவனுடைய பிளாவுக்குத் தனியாக மிளகாய் கரைத்து விடுவது எப்போதும் என் பழக்கம்.

அவன் இரவுக்குள் இறந்துவிட்டான். மாரடைப்பு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். திடீர் மரணம் என்பதால் உடற்கூற்றுப் பரிசோதனை செய்து, மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு உடலைத் தந்தார்கள். பாடைக்கு நானும் தோள் கொடுத்தேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்துவிட்டு, வந்தவர்கள் அதைப் பகிர்ந்து உண்ண வேண்டும். குணலட்சுமி என்னிடம் வந்து, "அண்ணை, அவருக்கு உங்கடை கூழ் எண்டால் உயிர். நீங்களே காய்ச்சித் தாங்கோ" என்றாள். காய்ச்சினேன். நல்ல கூழ். அதில் ஒன்றுமில்லை. படைத்த பிறகு எல்லோரும் குடித்தார்கள், தக்சாயினியும் குடித்தாள். நான் மட்டும் குடிக்கவில்லை. குணலட்சுமி என் பிளாவைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணை, நீங்கள் குடிக்கேல்லையே?"

"வயிறு சரியில்லை."

மூன்று பிளா குடிக்கிற ஆள் நான் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த நாள் அவள் பொலிசுக்குப் போனாள். கொழும்பு அறிக்கை வந்தபோது அவர்களுக்கு யாரைத் தேடுவது என்ற கேள்வியே இருக்கவில்லை. பயத்தில் குடிக்கவில்லை என்று பொலிஸ் எழுதியிருக்கிறது. அது பிழை. அவனோடு இனி ஒரே பானையில் குடிப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். அவ்வளவுதான். எனக்கும் ரோசம் இருக்கிறது.

என் பிள்ளையின் வாக்குமூலத்தின் பிரதியை நீங்கள்தான் வாசிக்கத் தந்தீர்கள். மூன்று பக்கம். அம்மியைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். தகப்பனைப் பற்றிப் பொலிசுக்குச் சொல்ல அவளுக்கு மனம் வந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மற்றது இருக்கிறது. பொய் சொல்லிக் கலியாணம் செய்ய அவளுக்கு விருப்பமில்லையாம். என்னிடம் சொல்லப் பயந்து, உடுவில்காரருக்கு உண்மையைச் சொல்லிவிடும்படி கதிரவேலு மாமாவிடம் அழுது கேட்டவள் அவள்தானாம். "நான் கேட்காமல் விட்டிருந்தால் மாமா இருந்திருப்பார்" என்று முடித்திருக்கிறாள். கீழே அவளுடைய கையெழுத்து.

அதை வாசித்தபோது நான் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்ததை நீங்கள் கண்டீர்கள். பாவம், மனிசனுக்கு இப்போதுதான் தெரிகிறது என்று நினைத்தீர்கள். அரச தரப்பும் அப்படித்தான் நினைக்கிறது. துரோகம் செய்துவிட்டான் என்று தவறாக நம்பிய ஒரு தகப்பன். இந்தப் பேரமே அந்த இரக்கத்தில்தான் நிற்கிறது.

மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள். எனக்கு அது முன்பே தெரியும். கூழ் காய்ச்சிய அந்த ஞாயிற்றுக்கிழமை, மற்றவர்கள் முற்றத்தில் இருந்தபோது கதிரவேலு அடுக்களைக்குள் என்னைத் தேடி வந்தான். அவனுடைய பிளா அப்போது என் கையில் இருந்தது, வார்த்தாகிவிட்டது.

"மச்சான், இரண்டு கிழமையாய் நித்திரை இல்லை. உடுவில் ஆக்களுக்குச் சொன்னது நான்தான். ஆனால் சொல்லச் சொன்னது பிள்ளை. என்ரை காலைப் பிடிச்சு அழுதவள். அவளை ஏசிப் போடாதை."

நம்பினேன். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். அந்தப் பிளாவைக் கொட்டிவிட எனக்கு நேரம் இருந்தது. கழுநீர்த் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவன் நின்ற விதத்தைப் பார்த்தேன். என் மகள் எனக்குச் சொல்லாததைச் சொல்லும் அளவுக்கு ஒரு மனிதன் என் வீட்டில் நிற்கிறான். தகப்பன் நானா அவனா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஆறப்போகுது, குடி" என்றேன்.

குடித்துவிட்டு நல்லாயிருக்கிறது என்றான். இன்னும் கொஞ்சம் வார்க்கச் சொன்னான். வார்த்தேன்.

ஆகவே கொல்லும் எண்ணம் இருக்கவில்லை என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் பேரம் வேண்டாம் என்று நான் சொல்வது அதற்காக இல்லை. மன்றில் நான் சுற்றவாளி, குற்றமற்றவன் என்றே சொல்லப்போகிறேன்.

தக்சாயினி ஒவ்வொரு சனிக்கிழமையும் சிறைக்குச் சாப்பாடு கொண்டு வருகிறாள். கொண்டு வருபவர் காவலருக்கு முன்னால் ஒரு வாய் உண்டு காட்ட வேண்டும். நல்ல ஒழுங்கு அது. அவள் உண்டு காட்டுகிறாள், பிறகு நான் சாப்பிடுகிறேன். மாத்திரை போட்டாயா என்று கேட்கிறேன். ஓம் அப்பா என்கிறாள். வேறு ஒன்றும் கதைப்பதில்லை. கதிரவேலுவிடம் அழுததை இன்றுவரை அவள் வாயால் எனக்குச் சொன்னதில்லை. பொலிசுக்குச் சொல்லியிருக்கிறாள், அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். எனக்கு இல்லை.

விளக்கம் நடந்தால் அவள் கூண்டில் ஏறித்தான் ஆகவேண்டும். தனக்கு வலிப்பு என்று சொல்ல வேண்டும். தகப்பனை விட்டுவிட்டு வேலிக்கு அப்பால் போனதைச் சொல்ல வேண்டும். குணலட்சுமியும் ஊரும் உடுவில் ஆட்களும் இருந்து கேட்பார்கள், நானும் கேட்பேன். அங்கே நின்று அவளுக்கு இழுத்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்டீர்கள். தண்ணீர் கொடுப்பார்கள். பிறகு தொடர்ந்து சொல்லலாம்.

ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று வியாழக்கிழமை அறிவித்துவிடுங்கள். நீங்கள் வழக்கை விட்டுப் போவதென்றாலும் எனக்குக் கோபமில்லை. ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். சாட்சி சொல்லும் நாளில் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பதற்றமான நாட்களில் அவள் மறந்துவிடுவாள். அதை நினைவுபடுத்த என்னைவிட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.