மொளகா பஜ்ஜியும் ஆறு இருபத்தஞ்சும்

கட்டு சார். மொதல்ல அந்தப் பொட்டலத்த கட்டு.

உன்னத்தான் சொல்றேன். ஜன்னலப் பாத்துக்கினா ஆயிடுமா? மொளகா பஜ்ஜி, நடுவுல கீறி வெங்காயம், அது மேல எலுமிச்சம்பழம் வேற. சித்தூரு பஸ் ஸ்டாண்டு வாசல்ல வாங்கினது தானே? கண்ண மூடிக்கினே சொல்லுவேன், எந்தக் கடை, எத்தினி வாட்டி காஞ்ச எண்ணென்னு.

இன்னாது? டிக்கெட் வாங்கிகிறியா? எங்க, இன்னொரு தபா சொல்லு. நான் டிக்கெட் வாங்கியிருக்கேன் சார், இது என்னோட பர்சனல் விஷயம் சார். எப்டி? உன் கொரலு தானே? மூக்குல ஆரம்பிக்குது, சார்ன்றப்ப மட்டும் ஒரு படி மேல ஏறுது. மெட்ராசு தானே நீ? திருப்பதிக்கு சாமி பாக்கப் போறவன், நடுவுல ஒரு வேல இருந்துச்சுன்னு சித்தூருல எறங்கி ஏறிக்கிற. கரெக்டா? மூஞ்சிய தூக்காத. கொரலக் கேட்டா ஆளு தெரிஞ்சிடும் எனக்கு. நகரி நாகேந்திரன்னா இந்தப் பக்கம் கல்யாணத்துக்கு கல்யாணம் கூப்புடுவாங்க. மிமிக்ரி. இருபத்தாறு வருசம்.

முன் சீட்டுல யாரு ஒக்காந்துகிறாங்க பாரு. பர்தா தெரியுதா? இது இன்னா மாசம்? தெரியுமில்ல? தெரிஞ்சுக்கினு தான் பஜ்ஜிய பிரிச்சியா?

நான் பாயான்னு கேக்குறியா? நெத்தியப் பாரு. திருத்தணி விபூதி. பாயா இருந்தா தான் சொல்லணுமா?

கண்டக்டர கூப்புடுவியா? கூப்புடேன். அவரு வர்றதுக்குள்ள அவரு கொரலுலயே நான் பதில் சொல்லிடறேன். ஏமண்டி, லோபலிக்கி ஜரகண்டி, சில்லர உந்தா, லேதா, அயித்தே திகண்டி! சில்லற இல்லன்னா எறங்குன்றாரு. பாத்தியா, அவரே திரும்பிப் பாக்குறாரு. சிரிக்காத. உன்ன சிரிக்க வெக்கவா பண்ணேன்?

மணி இன்னா ஆச்சு? உன் போன்ல பாரு. ஆறு பத்தா. சரி. இன்னும் காமணி நேரம். ஆறு இருபத்தஞ்சுக்கு அப்பால நீ பஜ்ஜிய துன்னு, பேப்பரயும் சேத்து துன்னு, ஒரு வார்த்த கேக்க மாட்டேன். அது வரிக்கும் அது மடியில கட்டியே கெடக்கட்டும்.

இன்னாத்துக்கு இவ்ளோ மொறைக்கிற? பசி எனக்கில்லியா, உனக்கு மட்டும்தானா? நம்மாளுங்க சனிக்கெழமைக்கு ஒருபொழுது இருப்பாங்க. அதுல காபி உண்டு, வாழப்பழம் உண்டு, ராவுக்கு டிபன்னு சொல்லிட்டு ஆறு பூரி உண்டு. பாயிங்க நோன்பு அப்டி இல்லய்யா. தண்ணி கெடயாது. இந்த வெயில்ல, ஒரு வாய் தண்ணி கெடயாது. நீ பஸ் ஏறி எத்தினி வாட்டி பாட்டில தொறந்த? நான் எண்ணிக்கினு வரேன். அஞ்சு வாட்டி. ஒவ்வொரு வாட்டியும் மடக் மடக்குன்னு சத்தம் வேற. தொண்டையா அது, கொழாயா?

நீ சொன்ன பாரு, அந்த டிக்கெட் பேச்சு. அதே வார்த்தய நான் சொல்லிகிறேன். மூணு வருசம் முன்னாடி, இதே பஸ்ஸு, இதே ரூட்டு. அதனால தான் உன் மேல இவ்ளோ காண்டு. வேற ஒண்ணியும் இல்ல.

அன்னைக்கு சித்தூருல ஒரு கல்யாணத்துல புரோகிராமு. ஒரு மணி நேரம்னு பேசி கூட்டிக்கினு போனாங்க. எட்டு நிமிசத்துல மைக்க புடுங்கிட்டான், டிஜே வந்துட்டான்னு. சாப்பாட்டு பந்தில ஒக்காந்தா, எலய போட்டுட்டு எழுப்பிட்டாங்க, மாப்ள வீட்டாளுங்க வந்துட்டாங்கன்னு. துன்னாம, திட்டிக்கினே பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். ரெண்டு மசால் வடை, ரெண்டு முட்ட போண்டா கட்டிக்கினு ஏறினேன்.

பக்கத்து சீட்டுல ஒரு பாயி. மௌலாலின்னு பேரு. சித்தூரு பஸ் ஸ்டாண்டாண்ட ஒக்காந்து பைங்களுக்கு ஜிப்பு மாத்தி குடுப்பாரு. அறுபது அறுபத்திரெண்டு இருக்கும். திருப்பதில மவ வீட்டுக்கு போறாரு. நான் பொட்டலத்த பிரிச்சேன். கண்டக்டரு வந்து குனிஞ்சு சொல்றான், அண்ணா, பாயிக்கி ஒக்கப்பொத்து உந்தி, கொஞ்செம் ஆகண்டி. பாயி நோன்பு, கொஞ்சம் பொறுங்கன்னு. அவ்ளோ மரியாதயா தான் சொன்னான். எனக்கு ஏறிச்சு பாரு. டிக்கெட் வாங்கினவன் துன்னக்கூடாதா, அவரு நோன்புன்னா நான் ஏன்யா பட்டினி கெடக்கணும்னு கத்தினேன். பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. எவனும் எனக்கு சப்போர்ட் பண்ல. பாயி மட்டும் சொன்னாரு, நீங்க சாப்புடுங்க, எனக்கு ஒண்ணும் இல்லன்னு. அவரு அப்டி சொன்னப்புறம் எப்டி துன்றது? கட்டி மடியில வெச்சிக்கினேன். இப்ப நீ வெச்சிக்கினு கீற பாரு, அதே மாதிரி. அதே மூஞ்சி.

அப்பால பேச்சு குடுத்தாரு. அவரா சொல்லிக்கினே வந்தாரு. சக்கர வியாதியாம். மூணு வருசமா டாக்டரு நோன்பு இருக்க விடலியாம். இந்த வருசம் தான் சரின்னாராம். இருபத்தெட்டு ஆயிடுச்சு, இன்னைக்கு இருபத்தொம்போது, ஒண்ணு கூட விடலன்னு வெரல மடக்கி மடக்கி காட்றாரு. எனக்கின்னா? எனக்கு போண்டா ஆறிக்கினு கீது.

தோ, இங்க தான். சந்திரகிரிக்கு முன்னாடி ரோட்டு வேல, வண்டிங்கல்லாம் நின்னு போச்சு. சூரியன் மலைக்கு பின்னால பூட்டான். பஸ் உள்ள பாதி இருட்டு. பாயி போன எடுத்து பாக்குறாரு, சார்ஜ் இல்ல. என்ன மணின்னு என்னிய கேட்டாரு. நான் காது கேக்காத மாதிரி ஒக்காந்துக்கினேன்.

அப்ப தான் புத்தி போச்சு. ஒரு ஊது ஊதிட்டா அவரும் துன்னுவாரு, நானும் துன்னலாம்.

இன்னாத்த ஊதறதுன்னா? மசூதில நோன்பு தொறக்கறதுக்கு சைரன் ஊதுவான்ல, அத. வாய மூடிக்கினு, தொண்டையிலயே, தூரத்துலேர்ந்து காத்துல வர்ற மாதிரி. அது தான்யா கஷ்டம். பக்கத்துல ஊதற சைரன எவன் வேணா பண்ணுவான். தூரத்துல ஊதறது, நடுவுல காத்து தூக்கினு போயி திரும்ப கொண்டாந்து விடறது, கடசில மைக்க ஒருத்தன் ரெண்டு தட்டு தட்றது, டொக் டொக், அப்பால ஒரு கனைப்பு. அதோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல போறதுக்கு பயம், சாமி சமாச்சாரம். ஆனா கனைப்பு வரிக்கும் பண்ணேன். அப்டி ஒரு சுத்தம் என் வாழ்க்கையிலயே வந்ததில்ல. கைத்தட்ட ஆளில்ல, அவ்ளோ தான்.

பாயி கண்ண மூடி ஏதோ சொல்லிக்கினாரு. சட்டப் பையிலேர்ந்து காகிதத்துல சுத்தின ரெண்டு பேரீச்சம்பழம் எடுத்தாரு. ஒண்ண என்கிட்ட நீட்டறாரு. என்னால தானே நீங்க பசியோட இருந்தீங்க, நீங்க மொதல்ல எடுங்கன்னாரு.

வாங்கினேன்யா. வாங்கி துன்னேன். நான் மெல்றத பாத்துட்டு தான் அவரு வாயில போட்டாரு. தண்ணி குடிச்சாரு. நான் முட்ட போண்டாவ பிரிச்சு அவருக்கு ஒண்ணு வேற குடுத்தேன். வெக்கம் கெட்டவன்.

பத்து நிமிசம். வண்டி நகுந்து ஊருக்குள்ள போவுது. நெஜ சைரன் ஊதறான்.

பாயி போண்டாவ கையில வெச்சிக்கினு அப்டியே நிக்கிறாரு, ஒக்காந்துக்கினே நிக்கிறாரு. பின் சீட்டுல ஒரு பொம்பள, இந்தாளு மிமிக்ரி பண்றவராச்சே, மத்தியானம் கல்யாணத்துல பாத்தனேன்னுச்சு. அவ்ளோ தான். பாயி என் சட்டய புடிச்சாரு. நல்ல மனுசன், மன்னிச்சிருப்பாருன்னு நெனைக்கிறியா? மன்னிக்கல. பெத்த மனிஷிவி, சிக்கு லேதா நீக்குன்னு கேட்டாரு. பெரிய மனுசன் தானே நீ, வெக்கமா இல்லியான்னு. என் பட்டன் ஒண்ணு பிஞ்சுக்கினு போச்சு. இருபத்தெட்டுடா, இருபத்தெட்டு வெச்சேன்டான்னு அழுவுறாரு. கண்டக்டரு தான் விலக்கி விட்டான். திருப்பதி வர்றதுக்குள்ள கொஞ்சம் அடங்கிட்டாரு. பண்டிக முடிஞ்சு ஒரு நாளு வெச்சு இத நேர் பண்ணிக்கலாம், எங்களுக்கு அப்டி இருக்குதுன்னு ஜன்னலப் பாத்துக்கினே சொன்னாரு. என்னிய பாத்து சொல்லல. எறங்கறப்ப மட்டும் திரும்பி, ஒக்க ரோஜு, நீவல்லன்னாரு. ஒரு நாளு, உன்னால.

மணி இன்னா? பத்தொம்போதா? கரெக்டா பாரு. உன் போன் மெட்ராசு நேரம் ஒண்ணும் காட்டலியே? சரி சரி, தெரியாம தான் கேட்டேன், நீ ஒண்ணும் எனக்கு பாடம் எடுக்காத. பாட்டில கீழ வை. ஆறாவது வாட்டி.

அப்பால இன்னா. ஒரு மாசம் கழிச்சு சித்தூருல புரோகிராமு வந்துச்சு. அரக்கிலோ பாதுஷா வாங்கிக்கினு ஜிப்பு கடைக்கு போனேன். ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடலாம்னு. அவரு புள்ள ஒக்காந்துகிறான். நைனா எங்க தம்பின்னேன். பண்டிக கழிச்சு மறுநாளே நெஞ்சு வலின்னு ஆஸ்பத்திரில சேத்தாங்களாம். பதினொண்ணாம் நாளு பூட்டாராம்.

நான் இன்னா கேட்டேன் தெரியுமா? எப்டி பூட்டாருன்னு கேக்கல. அந்த ஒரு நாளு நோன்ப வெச்சுட்டாரான்னு கேட்டேன். புள்ள என்னிய ஒரு மாதிரி பாத்தான். உங்களுக்கு எப்டி தெரியும், ஆஸ்பத்திரில பத்து நாளும் அதே தான் சொல்லிக்கினு இருந்தாரு, ஒண்ணு பாக்கி ஒண்ணு பாக்கின்னு, எங்களுக்கு ஒண்ணும் புரியலன்றான். வெக்கல. வெக்க முடியல.

சொன்னனா? எதுக்கு சொல்றது? வாய தொறந்தேன், காத்து தான் வந்துச்சு. எத்தினி பேரு கொரலு கீது இந்த தொண்டையில. ஒண்ணு கூட வர்ல. பாதுஷாவ வெச்சுட்டு வந்துட்டேன்.

அந்த சைரன அப்பால நான் ஊதனதே இல்ல. புத்தூருல ஒரு கல்யாணத்துல ஆம்புலன்ஸ் பண்ணுன்னாங்க, அதயே பண்ணல. பணத்த திருப்பி வாங்கிக்கினானுங்க.

இருபத்தி ரெண்டா? உம். வண்டிய பாரு, மாட்டு வண்டி மாதிரி போவுது.

இன்னா முணுமுணுக்கிற? முன் சீட்டு பொண்ணுக்காக தான் கட்டி வெச்சியா? அதுக்கு இன்னா? நீ ஏறி ஒக்கார்றதுக்கு முன்னாடியே அது ஒரு சிப்ஸ் பாக்கெட்ட காலி பண்ணிடுச்சு. இப்ப சூயிங்கம் மென்னுக்கினு கீது பாரு, தாடை ஆடுது. அதுக்காகவா நான் இவ்ளோ நேரம் கத்துனேன்? நான் எப்ப சொன்னேன் அப்டி? முன் சீட்டுல யாரு ஒக்காந்துகிறாங்க பாருன்னேன். நீயா நெனச்சிக்கினா நானா பொறுப்பு?

எனக்குத்தான்யா. காத்தால நாலரைக்கு ரெண்டு இட்லி துன்னது. அப்பால ஒண்ணும் இல்ல. நீ மொளகா பஜ்ஜிய பக்கத்துல பிரிக்கிற, மண்டைக்குள்ள போயி ஒக்காந்துக்குது.

இருபத்தொம்போதாவது நோன்பு அன்னைக்கு, வருசத்துக்கு ஒரு தபா. இது மூணாவது. இதே பஸ்ஸுல தான் வருவேன். திருப்பதில ஒரு வேலயும் கெடயாது, டீ குடிச்சிட்டு திரும்பி நகரிக்கு பூடுவேன். மசூதில தொழுவ வெக்கிற ஹஜரத்த கேட்டேன், ஒருத்தர் விட்டத நான் வெச்சா அவரு கணக்குல சேருமான்னு. நீங்க வெச்சா சேராதுங்க, வேணும்னா ஒரு ஏழைக்கு சோறு போடுங்கன்னாரு. போட்டேன். சேராததயும் வெச்சிக்கினு கீறேன். சேரலன்னா போவட்டும், நான் இன்னா ரசீதா கேட்டேன்?

அப்டி பாக்காத. அதுக்கு நீ பஜ்ஜியே துன்னுக்கினு இருந்திருக்கலாம். மூஞ்சிய மாத்து.

பாட்டில எடு. குடுக்காத, கையில வெச்சிக்கோ. போன்ல மணி பாத்தெல்லாம் நான் விட மாட்டேன், சைரன் வரணும். ஜன்னல நல்லா தள்ளு.

வருதா? உஷ். வருதா இல்லியா? எனக்கு கேக்குது, ஆனா என் காத நான் நம்ப மாட்டேன். வெளிய பாக்காதய்யா, என்னிய பாரு. என் வாயப் பாரு, தொண்டயப் பாரு. தோ மூடிக்கிறேன்.

நான் இல்லியே? நல்லா பாத்தியா?

அப்ப குடு தண்ணிய.